இடிமுட்டி ஐந்து முறை தோற்காத கதை

இடிமுட்டி என்ற வரையாட்டுக் கிடாவைத் தெரியாதவர்கள் அந்த மலையில் கிடையாது. முட்டுச் சண்டையில் ஆறு பருவமாக அவனை யாரும் அசைத்ததில்லை. அவன் தலையைத் தாழ்த்தினாலே எதிரே நிற்கிற கிடாவுக்கு அம்மா ஞாபகம் வந்துவிடும்.

அந்த மலையின் உச்சி முழுக்கப் புல்வெளி. புல்வெளியின் மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய பாறை செங்குத்தாக நிமிர்ந்து நின்றது. வரையாடுகள் பகலெல்லாம் புல்லில் மேயும். செந்நாய்க் கூட்டம் வந்தால் பாறைக்கு ஓடும். ஒரு குளம்பு மட்டுமே கொள்ளும் விளிம்புகளில் தாவித் தாவி ஏறி நின்றுகொள்ளும். செந்நாய்களால் பாறை ஏற முடியாது. பாறையில் கால் வைக்கத் தெரிந்தவரைக்கும்தான் வரையாட்டுக்கு ஆயுசு. இது நேற்றுப் பிறந்த குட்டிக்கும் தெரியும்.

முட்டுச் சண்டைகளை ஏற்பாடு செய்கிறவன் கூவலன் என்ற கருமந்தி. அவன் மரத்தில் உட்கார்ந்து ஒரு குரல் கொடுத்தால் இரண்டு மலைக்குக் கேட்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பழம் கொண்டுவர வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். வரையாடுகள் பழம் தின்பதில்லை என்பதால், அந்தப் பழங்கள் என்ன ஆகின்றன என்று யாரும் கேட்டதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. சண்டை நடக்கும் இடம் சரிவானது. கடைசிச் சண்டையில் வென்றவன் மேட்டுப் பக்கம் நிற்பான். தோற்றவன் பள்ளத்துப் பக்கம் நிற்பான். மேலிருந்து இறங்கி முட்டுகிறவனுக்கு மலையும் சேர்ந்து உதவும். கீழே நிற்கிறவன் மலையையும் சேர்த்து முட்ட வேண்டும். இடிமுட்டிக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. ஆறு பருவமும் அவன் மேட்டில்தானே நின்றான்!

ஒரு நாள் பக்கத்து மலையிலிருந்து சுருளன் என்று ஒரு கிடா வந்தான். அதிகம் பேசாதவன். சண்டை தொடங்கியது. நாலாவது முட்டில் இடிமுட்டியின் காதுக்குள் ஏதோ ரீங்காரம் கேட்டது. ஏழாவது முட்டில் முன்கால்கள் மடங்கின. அப்போதே அவன் விலகியிருக்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. அவன் விலகவில்லை. பதினோராவது முட்டில் மூக்கு மண்ணில் புதைய விழுந்தான். எழுந்ததும் தன் மனைவி தும்பை என்று நினைத்து ஒரு மிளா மானின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அந்த மானும் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லாமல் நின்றது.

தும்பை வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் அவன் சொன்னான், கண்ணில் வெயில் அடித்துவிட்டதாம்.

அன்று மலை முழுக்க மேகம். சூரியனைப் பார்த்து நான்கு நாள் ஆகியிருந்தது. 

மறுநாள் பாறை ஏறும்போது தும்பை ஒன்றைக் கவனித்தாள். இடிமுட்டி ஒவ்வொரு அடிக்கும் தன் காலைக் குனிந்து பார்த்தான். வைத்த காலை எடுத்து மறுபடி வைத்தான். வரையாடு தன் காலைப் பார்த்து நடப்பது, நாம் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிற மாதிரி. 

இடிமுட்டிக்கும் தெரியும். அந்தப் பதினோராவது முட்டுக்குப் பிறகு பாறையில் ஒரு விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. எது நிஜம் என்று காலால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடி பலமாகப் பட்டதென்று ஆகிவிடும். வெயில் அடித்ததில் விளிம்பு எப்படி இரண்டாகும்?

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சண்டையில் ஓய்ந்த கிடாக்கள் காவல் பாறைக்குப் போய்விடும். அது பெரிய பாறையின் அடியில் இருக்கும் ஒரு தட்டையான கல். அங்கே நின்று நாலு பக்கமும் பார்த்து, செந்நாய் தென்பட்டால் சீழ்க்கை அடிக்க வேண்டும். சீழ்க்கை கேட்டால் எந்த ஆடும் ஏன் என்று கேட்காது. ஓடிவிடும். காவல் பாறையிலிருந்து பெரிய பாறைக்கு ஒரே தாவல். அதுவும் அகலமான விளிம்பு.

தும்பை நயமாகப் பேச்செடுத்தாள். அவனுக்கும் வயதாகிறது, காவல் பாறையில் நல்ல காற்று வருகிறது, அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றாள்.

"இடிமுட்டி சீழ்க்கை அடிக்கவா பிறந்தான்?" என்று அவன் கேட்டான். அந்த வாரம் முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை.

கூவலன் மட்டும் தினமும் வந்து பேசினான். "அண்ணே, யானைக்கும் அடி சறுக்கும். ஒரு சின்ன சண்டை போட்டு உடம்பைத் தேத்திக்கலாம். அப்புறம் சுருளனை ஒரு கை பார்க்கலாம்."

சின்ன சண்டைக்கு அவன் பிடித்து வந்தது ஒரு நொண்டிக் கிடா. அதற்கு எதிரில் நிற்பவன் யார் என்றே தெரியவில்லை. முட்ட வந்ததா, நலம் விசாரிக்க வந்ததா என்று தெரிவதற்குள் கீழே கிடந்தது. 'இடிமுட்டி திரும்பி வந்துவிட்டான்' என்று கூவலன் இரண்டு மலைக்கும் கூவினான். இடிமுட்டி மேட்டில் நின்று தலையை நிமிர்த்தினான். ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

பிறகு சுருளனோடு மறுசண்டை. ஆறு முட்டில் முடிந்தது. புல் ஈரமாக இருந்ததாம். சுருளனுக்கு மட்டும் கூவலன் காய்ந்த புல்லை விரித்து வைத்தானா என்று தும்பை கேட்க நினைத்தாள். 

இதற்குப் பிறகுதான் வேடிக்கை தொடங்கியது. முன்பெல்லாம் இடிமுட்டியோடு மோத ஆள் கிடைக்காது. கூவலன் மலை மலையாகப் போய்க் கெஞ்சுவான். இப்போது கிடாக்கள் வரிசையில் நின்றன. காரணம் சாதாரணம். இடிமுட்டியின் பலம் போய்விட்டது, பேர் போகவில்லை. 'இடிமுட்டியை வென்றவன்' என்று சொல்லிக்கொண்டால் எந்தப் புல்வெளியிலும் மரியாதை. பெண் கொடுக்கக்கூட யோசிக்க மாட்டார்கள்.

வரிசையைப் பார்த்து இடிமுட்டி பூரித்துப்போனான். "பார்த்தியா தும்பை, மவுசு கூடிக்கிட்டுத்தான் போகுது."

நொண்டியோடு நடந்ததைச் சேர்க்காமல் எண்ணினால், மூன்றாவது சண்டையில் மூக்கில் ஈ உட்கார்ந்துவிட்டதாம். நாலாவதில் பள்ளத்துப் பக்கம் நிற்க வைத்துவிட்டார்கள், அது அநியாயச் சட்டம். ஆறு பருவமாக அந்த அநியாயம் எப்படி அவன் கண்ணில் படாமல் இருந்தது என்பதுதான் ஆச்சரியம். ஐந்தாவதில் கூவலன் குரல் கொடுப்பதற்கு முன்பே எதிராளி முட்டிவிட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இடிமுட்டிக்கு ஆடத் தெரியும், அதனால் அவனுக்குக் கூடம் மட்டுமல்ல, வானமும் கோணலாகத் தெரிந்தது. ஆக ஐந்து சண்டை முடிந்தும் அவன் கணக்கில் அவன் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத வகையறா.

உள்ளே நடந்தது அவனுக்கு மட்டும் தெரியும். எதிராளி பாய்ந்து வரும்போது, கொம்போடு கொம்பு மோதுவதற்கு ஒரு நொடி முன்னால், அவன் தலை தானாக ஒரு பக்கம் திரும்பியது. வேண்டாம் என்றாலும் திரும்பியது. சுருளனின் பதினோரு முட்டுகளையும் மனசு மறந்தாலும் கழுத்து மறக்கவில்லை. முட்டு நெற்றியில் விழாமல் காதோரத்தில் விழுந்தது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் இரண்டு விளிம்புக்கும் நடுவே தூரம் கூடியது.

ஒரு மத்தியானம் இடிமுட்டி ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ஆழமான பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. செம்பட்டை என்ற செந்நாய். இடிமுட்டி துள்ளி ஓடப் பார்த்தான்.

"ஓடாதீங்கய்யா. இந்தப் பள்ளத்தை நான் தாண்ட முடியுமா?" என்றான் செம்பட்டை. "நான் உங்க ரசிகன். உங்க சண்டை ஒண்ணு விடாம பார்த்திருக்கேன். தூரத்துல நின்னுதான். கிட்ட வந்தா உங்க ஆளுங்க ஏனோ எழுந்திரிச்சுப் போயிடுறாங்க."

இடிமுட்டி நின்றான். அவனிடம் இப்படி யாரும் பேசி வெகு நாளாகிவிட்டது.

செம்பட்டை ஆறு பருவத்துச் சண்டைகளையும் வரிசையாகச் சொன்னான். எந்தக் கிடா எத்தனையாவது முட்டில் விழுந்தது என்பது வரை அவனுக்கு ஞாபகம் இருந்தது. சண்டைகளை அத்தனை நுணுக்கமாகப் பார்த்தவன் வரையாட்டுக் கூட்டத்திலேயே கிடையாது. எந்தக் கிடாவுக்கு எந்தக் காலில் அடி என்பதில் அவனுக்கு இருந்த அக்கறை வைத்தியனுக்குக்கூட இருக்காது.

"இந்தக் காலத்துக் கிடாக்கள் முட்டினா யாரு பார்க்க வர்றா? நீங்க நின்னீங்கன்னா மலையே திரளும். காவல் ஆடுகூட இறங்கி வந்து பார்க்கும். இன்னும் ஒரே ஒரு சண்டை போடுங்கய்யா, எங்க கண்ணுக்கு."

இடிமுட்டி தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். வீட்டுக்கு வந்து தும்பையிடம் சொன்னான்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்றாள் தும்பை.

"உனக்குப் பொறாமை. ரசனை உள்ளவன் யாரா இருந்தா என்ன?"

அவளுக்கு அழுகை வந்தது. அவன் சண்டையில் செத்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் கோபத்தில் நினைத்தாள். அடுத்த கணமே அப்படி நினைத்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டாள். பாறை ஏறத் தடுமாறுகிற புருஷனை வைத்துக்கொண்டு அவள் ஒரு வருடமாகப் படுகிற பாட்டை யாரிடம் சொல்வது?

ஆறாவது சண்டை ஏற்பாடானது. எதிராளி குட்டைக்கொம்பன். இரண்டு வயது. கொம்பு இன்னும் முழுசாக வளரவில்லை. இடிமுட்டி முகம் சுளித்தான். வரிசையில் நிற்பவர்களில் இப்போது இவன்தான் பெரியவன் என்று கூவலன் சமாதானம் சொன்னான். அது உண்மைதான். பெரிய கிடாக்களெல்லாம் ஏற்கெனவே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று செம்பட்டை சொன்னபடியே மலை திரண்டது. குட்டிகள் முன்வரிசையில் உட்கார்ந்தன. காவல் பாறையில் நிற்க வேண்டிய இரண்டு கிழக் கிடாக்களும் இறங்கி வந்துவிட்டார்கள். இருவரும் ஒரு காலத்தில் இடிமுட்டியிடம் தோற்றவர்கள். அவன் ஒரு பொடிப்பயலிடம் தோற்பதைப் பார்க்காமல் செத்தால் அவர்களுக்குக் கட்டை வேகாது.

வழக்கப்படி இடிமுட்டி பள்ளத்தில் நின்றான். குட்டைக்கொம்பன் மேட்டில் நின்றான். பயலுக்குப் பயத்தில் கால் நடுங்கியது. பத்து வயது இடிமுட்டிக்கும் உள்ளுக்குள் அதே நடுக்கம்தான், மறைக்கத் தெரியும் என்பது மட்டும் வித்தியாசம்.

முதல் முட்டு. இடிமுட்டி தாங்கினான். இரண்டாவது முட்டு. பயல்தான் பின்வாங்கினான். கூட்டம் ஆரவாரித்தது. இடிமுட்டிக்கு நெஞ்சு விம்மியது. ஜெயித்துவிடலாம்! உண்மையாகவே ஜெயித்துவிடலாம்! இன்னும் ஒரே முட்டு.

குட்டைக்கொம்பன் பின்னால் போய் வேகம் எடுத்து இறங்கினான். அந்த நொடியில் இடிமுட்டியின் தலை, பழைய பழக்கப்படி, ஒரு பக்கம் திரும்பியது. திரும்பிய கண்ணில் மேட்டுச் சரிவு பட்டது. காற்றுக்குப் புல் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஓர் இடத்தில் மட்டும் எதிர்ப்பக்கமாக அசைந்தது. புல்லுக்கு மேலே சிவந்த காதுகள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு.

வேறு யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் இவன் மேலேதான் இருந்தது. அதற்காகத்தானே செம்பட்டை இவனை நிறுத்தினான்.

இப்போது சீழ்க்கை அடித்தால் என்ன சொல்வார்கள்? பொடிப்பயலுக்குப் பயந்து கத்தினான் என்பார்கள். ஒரு முட்டு முட்டிவிட்டு, ஜெயித்துவிட்டு, பிறகு அடித்தால் என்ன? ஒரே மூச்சு நேரம்தானே? நம் இடிமுட்டி அந்த ஒரு மூச்சில் பாதியை இப்படி யோசித்தே செலவழித்தான், மறைப்பானேன்! மீதிப் பாதியில் முன்வரிசைக் குட்டிகளும், அவர்களுக்குப் பின்னால் நின்ற தும்பையும் கண்ணில் பட்டார்கள்.

அவன் சீழ்க்கை அடித்தான்.

பழக்கம் இல்லாத சீழ்க்கை. பாதி கனைப்பாகத்தான் வந்தது. ஆனாலும் போதுமாக இருந்தது. கூட்டம் அப்படியே எழுந்து பாறைக்குப் பறந்தது. கூவலன் பழத்தைப் போட்டுவிட்டு உச்சாணிக் கிளைக்கு ஏறினான். குட்டைக்கொம்பனால் மட்டும் வந்த வேகத்தை நிறுத்த முடியவில்லை. இடிமுட்டியின் விலாவில் மோதித் தள்ளிவிட்டு, அவனும் ஓடினான்.

இடிமுட்டி எழுந்து கடைசி ஆளாக ஓடினான். பாறைக்கு அடியில் வந்து நின்றான். எல்லாரும் மேலே ஏறியாகிவிட்டது. முதல் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. அடுத்தது மூன்றாகத் தெரிந்தது. காலால் துழாவ நேரம் இல்லை. பின்னால் மூச்சிரைப்பு கேட்டது.

அந்த ஒரு வருடத்தில் அவன் யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னான்.

"தும்பை, எனக்குக் கால் வைக்கிற இடம் தெரியல."

தும்பை மேலே போனவள் மடமடவென்று இறங்கி வந்து இரண்டாவது விளிம்பில் நின்றாள்.

"அது ஒரு வருஷமா எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும்னுதான் காத்திருந்தேன். கீழே பார்க்காதீங்க. வலது காலைத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம். இப்ப வைங்க."

வைத்தான். கல் இருந்தது.

"இடது. என் குரல் பக்கம். தாவுங்க."

தாவினான். செம்பட்டையின் பல் அவன் வாலில் நாலு மயிரைப் பிடுங்கிக்கொண்டு காற்றைக் கடித்தது. அவ்வளவுதான். அவன் தும்பையின் பக்கத்தில், குளம்பு மட்டுமே கொள்ளும் கல்லில், நடுங்கிக்கொண்டு நின்றான்.

செம்பட்டை கீழே உட்கார்ந்து நாக்கைத் தொங்கப்போட்டான். "நல்லா போய்க்கிட்டிருந்த சண்டையை இப்படிக் கெடுத்துட்டீங்களேய்யா. ரசிகனை ஏமாத்தலாமா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டுவிட்டு, தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போனான்.

மரத்து உச்சியிலிருந்து கூவலனின் குரல் வந்தது. சண்டை நடுவே முகத்தைத் திருப்பியவன் தோற்றவன் என்பது சட்டம். குட்டைக்கொம்பன் வெற்றி!

பாறை முழுக்க ஆரவாரம். உயிர் பிழைத்த குட்டிகள்தான் அதிகமாகக் கத்தின. காவல் பாறையை விட்டு இறங்கி வந்த இரண்டு கிழக் கிடாக்களும் எல்லாருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டார்கள். நல்ல வேளை, செந்நாய் வந்து இடிமுட்டியின் மானத்தைக் காப்பாற்றியதாம். இல்லாவிட்டால் பொடிப்பயலுக்குப் பயந்து கத்தினது அப்பட்டமாகத் தெரிந்திருக்குமாம்.

தும்பைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாரால் உயிரோடு நிற்கிறோம் என்று கேட்க வாயைத் திறந்தாள். இடிமுட்டி அவளைத் தோளால் மெல்லத் தடுத்தான்.

ஈயும் வெயிலும் ஈரப் புல்லும் சாக்காக இருந்த வாய்க்கு, அன்றுதான் முதல்முதலாக ஒரு நிஜமான காரணம் கிடைத்திருந்தது. மலையே ஒப்புக்கொள்ளக்கூடிய காரணம். அதை அவன் தொடவில்லை.

"ஆமா, நான் தோத்துட்டேன்" என்றான். "சுருளன்கிட்டயும் தோத்தேன். அதுக்கப்புறம் வந்தவங்ககிட்டயும் தோத்தேன். பையன் நல்லா முட்டினான்."

ஆரவாரம் அடங்கிப்போனது. தோற்றவனே ஒப்புக்கொண்டுவிட்டால் கேலி பேசுகிறவனுக்கு என்ன வேலை? குட்டைக்கொம்பன் மட்டும் மேலிருந்து அவனை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தான். கூவலன் அதற்குள் அந்தப் பயலின் பக்கத்துக் கிளைக்குத் தாவி, "அண்ணே" என்று ஆரம்பித்திருந்தான்.

மறுநாள் காலையில் இடிமுட்டி காவல் பாறைக்குப் போனான். தும்பை முன்னால் நடக்க, அவள் குரலைப் பிடித்துக்கொண்டே போனான். விளிம்புகள் இரண்டாகவே இருந்தன. அது கடைசிவரை சரியாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் தலையில் ஒரு புது அடியும் விழவில்லை.

தோல்வியை ஒப்புக்கொண்டவனுக்கு அது ஒரு நாள் அடி, ஒப்புக்கொள்ளாதவனுக்கு அதுவே தினப்படி அடி.